பத்தாயிரம் மெருகும் ஒரு கல்லும்



ஒரு பட்டறையின் முற்றம். நடுவில் சிறு பீடம். அதன்மேல் அகன்று பரந்த மண் தட்டு ஒன்று. முதிய குயவர் ஒருவர் அதன் எதிரே நிற்கிறார். அவர் கையில் ஓர் அகப்பை. அகப்பை நிறைய மெருகுக் குழம்பு. சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு கை ஒருமுறை வீசுகிறது. குழம்பு தட்டின் குறுக்கே கோடாக விழுகிறது. மறுமுறை வீசுகிறது, முதற் கோட்டை வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு செல்கிறது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. தட்டைச் சூளைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

இதைக் கண்டு நின்ற விருந்தினர் ஒருவருக்கு மனம் நிறைவடையவில்லை. இத்துணைப் பெரிய தட்டுக்குப் பதினைந்து நொடி வேலைதானா என்று கேட்டுவிட்டார். பதினைந்து நொடி மட்டுமன்று, அதனோடு அறுபது ஆண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட அம்முதியவர் விடை கூறினார் என்பர்.

அவர் பெயர் ஷோஜி ஹமாதா. ஜப்பான் நாட்டவர். சென்ற நூற்றாண்டில் உலகெங்கும் மட்கலத் தொழிலில் ஈடுபட்டோர் பெருமதிப்புடன் சொல்லிய பெயர் அது. அவர் சொன்ன அறுபது ஆண்டுகளையும் அளந்து காட்ட இன்று நமக்கு நேரமில்லை. முதற் பன்னிரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1913-ஆம் ஆண்டில் பதினெட்டு வயது மாணவராகத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தவர், 1925-இல் ஒரு சிற்றூர்க் குயவராக நிற்கிறார். கல்லூரியிலிருந்து சிற்றூருக்கு அவர் நடந்த வழி நேரானதன்று. அது லண்டன் வழியாகச் சென்று திரும்பியது.

ஹமாதா 1894-இல் தோக்கியோவை அடுத்த கவாசாகிப் பகுதியில் பிறந்தார். குயவர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகச் சூளை வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அக்குடும்பத்துப் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே களிமண்ணில்தான் விழுந்து எழுவான். ஹமாதாவுக்கு அந்தப் பேறு இல்லை. பள்ளி நாட்களில் அவருடைய நாட்டமெல்லாம் ஓவியத்தின்மேல் இருந்தது.

அந்நாளில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் கூறிய கருத்தொன்று அவர் கண்ணில் பட்டது. பிரான்சில் ஓவியர் பெருகிவிட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கைத்தொழிலுக்குத் திரும்பினால் நல்லது என்பது அதன் சாரம். ரெனுவாரே இளமையில் பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளுக்குப் பூ எழுதிக் கூலி பெற்றவர். ஆதலால் அது வெறும் பேச்சாக இருந்திருக்காது. இளம் ஹமாதா அதை எண்ணிப் பார்த்தார். நன்றாக அமையாத ஓவியம் எதற்கும் உதவாது. நன்றாக அமையாத கலமோ ஏதேனும் ஒன்றுக்கு உதவும். கோணலான குடத்திலும் தண்ணீர் நிற்கும் அல்லவா? இப்படி ஒரு கணக்குப் போட்டு, அவர் குயவராக முடிவு செய்தார். பெரிய இலட்சிய முழக்கம் எதுவும் இதில் இல்லை. தம் திறமையைப் பற்றி ஐயமுற்ற ஓர் இளைஞரின் அடக்கமான கணக்கு இது. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1913-இல் தோக்கியோ உயர் தொழிற்கல்லூரியில் மட்கலத் துறையில் சேர்ந்தார். அத்துறையின் வரலாறு சுவையானது. காட்ஃபிரீட் வாக்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் முன்னாளில் அங்கே இருந்து, மேலைநாட்டு வேதியியல் முறைப்படி மண்ணையும் மெருகையும் ஆராயக் கற்பித்திருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மண்ணைப் பிசைந்த நாடு, அம்மண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஐரோப்பியச் சோதனைக் குழாயின் வழியே தெரிந்துகொள்ள முற்பட்ட காலம் அது. ஹமாதாவுக்கு அங்கே வாய்த்த ஆசிரியருள் ஒருவர் இதாயா ஹசான். நுட்பமான பீங்கான் கலங்களுக்குப் பேர்போனவர். எள்ளளவு குறை தென்பட்டாலும் தாம் செய்த கலத்தைத் தாமே உடைத்தெறிபவர். கோணலான குடத்தையும் ஏற்றுக்கொள்ள எண்ணி வந்த மாணவருக்கு இப்படி ஓர் ஆசிரியர்!

அக்கல்லூரியில் அவருக்கு முன்னரே படித்த கவாய் கான்ஜிரோ என்பவர், படிப்பு முடிந்ததும் கியோத்தோ நகராட்சியின் மட்கல ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்திருந்தார். 1916-இல் ஹமாதாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். இருவரும் வாழ்நாள் நண்பர்களாயினர். அங்கே அவர்கள் செய்த வேலை இன்னதென்று விளங்க வேண்டுமானால், மெருகு என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

நம் ஊர்க் குயவர் சுடும் பானைக்கு மெருகு இல்லை. மிதமான சூட்டில் வெந்த மண் அது. நுண்துளைகள் மூடாமல் இருக்கும். அத்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் கோடையில் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் ஊறுகாய் வைக்கும் சாடியைப் பாருங்கள். அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு படலம் பளபளக்கும். அதைத்தான் இங்கே மெருகு என்கிறேன். உண்மையிலேயே அது ஒருவகைக் கண்ணாடிதான். கண்ணாடிக்கு அடிப்படைப் பொருள் மணல். மணல் தனியே உருக வேண்டுமானால் ஏறக்குறைய 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அதனோடு மரச்சாம்பலைச் சேர்த்தால், சாம்பலில் உள்ள சுண்ணமும் பொட்டாசும் மணலைத் தூண்டி 1,250, 1,300 பாகையிலேயே உருகச் செய்துவிடும். உருகிய குழம்பு கலத்தின்மேல் நில்லாமல் வழிந்தோடினால் என் செய்வது? அதற்காகச் சிறிது களிமண் சேர்ப்பார்கள்; குழம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மணல், சாம்பல், களிமண்: அடிப்படை இவ்வளவே.

இனி நிறத்திற்கு வருவோம். இக்கலவையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு இரும்பு சேர்ந்து, சூளையில் காற்றும் குறைவாக இருந்தால், மெருகு இளம்பச்சையாக வரும். காற்றோட்டம் மிகுந்தால் அதே மெருகு மஞ்சள் சாயலடிக்கும். இரும்பைக் கூட்டிக்கொண்டே போனால் பழுப்பாகும், கறுப்பாகும். இன்னும் கூட்டினால் உருகிய கண்ணாடி தாங்காத இரும்பு மேலே படிந்து, ஆறும்போது செங்காவி நிறத்தில் பூக்கும். செம்பைச் சேர்த்தால் காற்று மிகுந்தபோது பச்சை, காற்றுக் குறைந்தபோது குருதிச் சிவப்பு. பொருளின் அளவு, சூட்டின் அளவு, காற்றின் அளவு, ஆறவிடும் வேகம் என்று ஒன்றை மாற்ற இன்னொன்று மாறும். எண்ணிப் பாருங்கள், எத்தனை வகை மெருகு உண்டாகலாம்!

கவாயும் ஹமாதாவும் அதை எண்ணிப் பார்க்கவில்லை, செய்தே பார்த்துவிட்டார்கள். கியோத்தோவில் இருந்த ஆண்டுகளில் அவர்கள் செய்த மெருகுச் சோதனைகள் 10,000 என்று கணக்குச் சொல்வார்கள். சிறு சிறு மண் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கலவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சுட்டெடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளல். இருபத்தைந்து வயது நிறையுமுன் தம் துறையில் ஓர் இளைஞர் இவ்வளவு அறிந்திருந்தார் என்றால், அவர் இனிமேல் கற்க என்ன இருக்கிறது என்றே பிறர் எண்ணியிருப்பர்.

அவருக்கோ ஒரு குறை இருந்தது. எந்த மெருகை எப்படி உண்டாக்குவது என்று தெரியும். எந்த மெருகை எதற்காக உண்டாக்க வேண்டும் என்பது தெரியவில்லை. பத்தாயிரம் சொற்களைக் கற்றுவிட்டுச் சொல்வதற்குச் செய்தி இல்லாமல் நிற்பவன் நிலை அது.

இந்த நிலையில்தான் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயரை அவர் சந்தித்தார். லீச்சின் கதை ஹமாதாவின் கதைக்கு நேர்மாறு. 1887-இல் ஹாங்காங்கில் பிறந்து, லண்டனில் ஓவியம் பயின்று, செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கும் கலையைக் கற்பிக்கலாம் என்று 1909-இல் ஜப்பானுக்கு வந்தவர். 1911-இல் ஒருநாள் நண்பர்கள் கூடிய விருந்து ஒன்றிற்குச் சென்றார். அங்கே வந்திருந்தோர்க்கு மெருகுக்குத் தயாரான கிண்ணங்களைக் கொடுத்து, விரும்பிய சித்திரத்தை எழுதச் சொன்னார்கள். எழுதிய கிண்ணங்களை மெருகில் தோய்த்துச் சிறு சூளையில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் செக்கச் சிவந்த நிலையில் இடுக்கியால் வெளியே எடுத்து வைத்தார்கள். அந்த நெருப்புக் கிண்ணம் ஆறி நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த லீச், தாம் இனிக் குயவரே என்று உறுதி செய்துகொண்டார். உடனே ஒரு பழைய மரபுக் குயவரைத் தேடிச் சென்று மாணவரானார். அவருக்கு வேதியியல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு கலம் உயிருள்ளதா, இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லும் கண் இருந்தது.

1918-இல் தோக்கியோவில் லீச்சின் கலங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஹமாதா அங்கே சென்று அவரோடு பேசினார். ஐரோப்பிய வேதியியலைக் கற்ற ஜப்பானியரும், ஜப்பானிய மரபைக் கற்ற ஐரோப்பியரும் எதிரெதிரே நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்! ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. 1920-இல் லீச் தாய்நாடு திரும்பிப் பட்டறை அமைக்கப் புறப்பட்டபோது, ஹமாதாவும் உடன் கப்பலேறினார்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் என்பது மீனவர் ஊர். ஓவியர் பலர் அங்கே குடியேறியிருந்தனர். குயவருக்கு வேண்டியது அங்கே என்ன இருந்தது? விறகு அரிது, தக்க மண்ணைத் தேட வேண்டும். கியோத்தோவில் புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருந்த தூய பொருள்கள் அங்கே இல்லை. இருவரும் சுற்றுவட்டாரத்தில் அலைந்து மண் தோண்டினார்கள். கிடைத்த மரத்தை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். ஏறுசூளை ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார்கள். சரிவான நிலத்தில் அறைமேல் அறையாகப் படிபோல் ஏறிச் செல்வது ஏறுசூளை. கீழறையில் மூட்டிய நெருப்பின் வெப்பம் அடுத்தடுத்த அறைகளுக்கு ஏறிச் செல்லும். ஒன்றில் வீணாகும் வெப்பம் மற்றொன்றுக்குப் பயன்படும். மேலைநாட்டில் கட்டப்பட்ட முதல் ஏறுசூளை அது. முதல் என்பதாலோ என்னவோ, அது சொன்னபடி கேட்கவில்லை. பிற்பாடு மத்சுபயாஷி என்ற ஜப்பானியக் குயவர் வந்து அதைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று.

அங்கே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை விட்டுவிட மனமில்லை. பழைய ஆங்கிலச் சிற்றூர்க் குயவர்கள், களிக்குழம்பினால் தட்டுகளில் இறகு போன்ற கோலம் வரைந்திருந்தனர். அம்முறை மறைந்து போயிருந்தது. எப்படிச் செய்தார்கள் என்பது இவ்விருவருக்கும் பிடிபடவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில் ரொட்டியின்மேல் பழப்பாகைத் தடவி, அதன்மேல் கெட்டியான பாலாடையை விட்டபோது, பாகும் பாலாடையும் ஒன்றிலொன்று இழைந்து கோலமிடுவதைக் கண்டார்கள். ஈரம் காயாத ஒரு குழம்பின்மேல் மற்றொரு குழம்பை விட்டு இழுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஆய்வு நிலையத்தில் பத்தாயிரம் சோதனை செய்தவருக்கு, சாப்பாட்டு மேசையில் பத்தாயிரத்து ஓராவது சோதனை நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1923-இல் லண்டனில் ஹமாதாவின் கலங்கள் தனியே காட்சிக்கு வைக்கப்பட்டு வரவேற்பும் பெற்றன. ஆனால் அவர் இங்கிலாந்தில் பெற்ற பெரும்பேறு அதுவன்று என்பது என் கருத்து. சசெக்ஸ் மாவட்டத்தில் டிட்ச்லிங் என்றொரு சிற்றூர். அங்கே எதல் மேரே என்ற அம்மையார் தறி போட்டு நெய்து வந்தார். செடிகொடிகளிலிருந்து சாயம் எடுத்து நூலுக்கு ஏற்றுவதில் வல்லவர். அவரைப் பற்றி நம்மவர் ஒரு செய்தி அறிந்திருக்க வேண்டும். அவர் முன்னர் ஆனந்த குமாரசாமியின் மனைவியாக இலங்கையில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். கொழும்பில் தமிழ்ப் பெருமகனார் சர் முத்துக் குமாரசாமியின் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசாமி, இலங்கையின் பழைய கைத்தொழில்களை ஆராய்ந்து பெருநூல் எழுதியபோது, சிற்றூர் சிற்றூராக அவருடன் சென்று துணைபுரிந்தவர் இவ்வம்மையார். மறைந்துகொண்டிருந்த கைவினையின் மதிப்பைக் கீழ்த்திசையில் கண்டறிந்து, இங்கிலாந்துக்குத் திரும்பி அதைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர்.

லீச்சும் ஹமாதாவும் அவ்வில்லத்திற்கு விருந்தினராகச் சென்றனர். உணவு பரிமாறப்பட்டது. தட்டுகளும் சாடிகளும் டெவன்ஷயர்ச் சிற்றூர்க் குயவர் ஒருவர் செய்தவை. மேசை விரிப்பு அவ்வீட்டுத் தறியில் நெய்தது. கற்றறிந்த ஒருவர், நகரைவிட்டு வந்து, நாட்டுப்புறத்தில் கையால் உழைத்து, அவ்வுழைப்பின் நடுவிலேயே வாழவும் கூடும் என்பதை ஹமாதா அங்கே கண்ணால் கண்டார். கலம் எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட, கலம் செய்பவன் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகத் தோன்றத் தொடங்கிற்று. கியோத்தோவில் விடை கிடைக்காத கேள்விக்கு இது ஒரு தொடக்கம்.

1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நகரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தி அறிந்த ஹமாதா நாடு திரும்ப முடிவு செய்தார். 1924-இல் ஜப்பான் வந்தவர் சில காலம் கியோத்தோவில் கவாயின் வீட்டில் தங்கினார். புகழ்பெற்ற குயவர்கள் கூடி வாழும் நகரம் அது. நண்பர் இருக்கிறார், சூளை இருக்கிறது, லண்டனில் காட்சி நடத்தி வந்த பெருமை இருக்கிறது. அங்கேயே தங்கிவிட்டால் வாழ்வு எளிதாக அமைந்துவிடும். ஹமாதா தங்கவில்லை. மஷிகோவுக்குப் போனார்.

மஷிகோ, தோக்கியோவுக்கு வடக்கே தோச்சிகி மாவட்டத்துச் சிற்றூர். 1853-இல்தான் அங்கே மட்கலத் தொழில் தொடங்கிற்று. ஜப்பானியக் கணக்கில் அது நேற்றுப் பிறந்த சூளை. தண்ணீர்த் தொட்டி, ஊறுகாய்ச் சாடி, தேநீர்க்கெண்டி போன்ற அடுக்களைப் பண்டங்களைச் செய்து தோக்கியோ வீடுகளுக்கு அனுப்புவதே அவ்வூரார் தொழில். கலை என்ற பேச்சே அங்கு இல்லை. உலோகப் பாத்திரங்கள் பரவியதால் அத்தொழிலும் தளர்ந்துகொண்டிருந்தது. மாணவராக இருந்த நாளிலேயே மஷிகோத் தேநீர்க்கெண்டி ஒன்று ஹமாதாவின் மனத்தைக் கவர்ந்திருந்தது. மலையும் நீரும் மரமும் நாலைந்து தூரிகை வீச்சில் தீட்டிய கெண்டி. அவ்வகைக் கெண்டிகளுக்குச் சித்திரம் எழுதியவர்களுள் மினகாவா மாசு என்ற பெண்மணி பெயர்பெற்றவர். சிறுமியாக இருந்தபோது தொடங்கி, முதுமை வரையில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகளில் அதே மலையையும் அதே மரத்தையும் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கெண்டிக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பதினைந்து நொடிக்கும் அறுபது ஆண்டுக்கும் உள்ள உறவை ஹமாதாவுக்கு முன்னரே தெரிந்துவைத்திருந்தவர் அவ்வம்மையார்.

மஷிகோவில் ஹமாதாவுக்குச் சொந்தச் சூளை இல்லை. ஊர்க் குயவர் ஒருவர் பட்டறையில் இடம் கேட்டுப் பெற்று வனைந்தார். அவர்கள் சூளையின் ஒரு பகுதியில் தம் கலங்களை வைத்துச் சுட்டார். கல்லூரியில் படித்தவர், இங்கிலாந்து போய் வந்தவர், நமக்குப் புதுமுறை கற்பிக்க வந்திருக்கிறார் என்று அவ்வூரார் நினைத்திருந்தால் வியப்பில்லை. அவரோ கற்பிக்க வரவில்லை.

மஷிகோவின் மண்ணைப் பற்றி ஒரு சொல். கியோத்தோக் கலைஞர் விரும்பக்கூடிய நயமான மண் அன்று அது. முரடானது, மெல்லிய கலம் வனைய இடங்கொடாதது. வேறிடத்து மண்ணை வரவழைத்துக் கலக்கும் முறையை ஹமாதா நன்கு அறிவார். ஆயினும் அம்மண்ணுக்கு ஏற்ற தடிப்பிலேயே வனையத் தம் கையைப் பழக்கினார். மெருகிற்கும் அவ்வூரில் கிடைத்தவையே: விறகுச் சாம்பல், உமிச் சாம்பல், உள்ளூர்க் கல். கல் என்றேனே, அதுதான் வேடிக்கை. மஷிகோவுக்கு அருகில் இரும்பு மிகுந்த ஒருவகைக் கல் கிடைக்கிறது. அதை இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துக் கலத்தில் பூசுவார்கள். வேறொன்றும் சேர்க்க வேண்டுவதில்லை. சூளையில் வெந்ததும் அது பழுத்த சீமைப் பனிச்சையின் ஆழ்ந்த செங்காவி நிறமாக வரும். சட்டிக்கும் சாடிக்கும் ஊரார் பூசிவந்த மலிவான மெருகு அது.

பத்தாயிரம் மெருகைச் சோதித்தவர் அந்தக் கல்லின் முன் நின்றார். அதைப் பகுத்து ஆராய்ந்து, இன்னின்ன பொருள் இத்தனை பங்கு என்று எழுதிவிட அவரால் முடியும். அந்தப் பட்டியலின்படி தூய பொருள்களை நிறுத்துக் கலந்தால் அதே நிறம் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அந்த ஆழம் வாராது. காரணம் மாயமன்று. இயற்கைக் கல்லில் பெரும்பொருளோடு சிறுசிறு அளவில் வேறு பல பொருள்களும் கலந்திருக்கின்றன. அதன் மணிகளும் ஒரே அளவில் இல்லை. சில முன்னே உருகும், சில பின்னே உருகும். நாம் அழுக்கு என்று கழித்துவிடுகிற இந்த வேறுபாடுதான் மெருகிற்கு உயிர் தருகிறது. இதை மஷிகோக் குயவர் அறியார். அவர்கள் வெறுமனே கல்லை இடித்தார்கள். ஹமாதா அறிவார், அறிந்தும் கல்லை இடித்தார்.

ஹமாதா படிப்பைத் துறந்து பாமரராகிவிட்டார் என்று இந்தக் கதையைச் சொல்வது எளிது. கேட்கவும் இனிமையாக இருக்கும். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கல்லின் அருமை அதன் நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. உலோகப் பாத்திரம் வந்தவுடன் அவர்கள் தொழிலையே கைவிட இருந்தார்கள். அதன் அருமையைக் காண, மற்ற பத்தாயிரத்தையும் பார்த்த கண் ஒன்று வேண்டியிருந்தது. அதே சமயம், பத்தாயிரத்தையும் விட்டுக்கொடுக்கும் துணிவு அந்தக் கண்ணுக்கு உரியவரிடம் இருக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒருவரிடம் அமைவது அரிது. தாம் கற்றதை அவர் மறந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அதைக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற் போயிற்று. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நாலைந்து மெருகுகளே அவருக்குப் போதுமாயிருந்தன.

அதே 1924-இன் இறுதியில் அவர் திருமணம் செய்துகொண்டார். புதுமணத் தம்பதியர் அக்குளிர்காலத்தைத் தென்கோடித் தீவாகிய ஒக்கினாவாவில் கழித்தனர். நாஹா நகரின் த்சுபோயா என்ற குயவர் தெருவில் அவர் வேலை செய்தார். அங்கே கரும்புத் தோட்டங்கள் மிகுதி. காற்றில் வளைந்து நிற்கும் கரும்பின் தாளையும் தோகையையும் ஒருநாள் வரைந்துகொண்டார். தண்டு ஒரு வீச்சு. தோகை இரண்டு மூன்று வீச்சு. அச்சித்திரத்தை அவர் தம் கலங்களில் எழுதத் தொடங்கினார். பிறகு ஐம்பது ஆண்டுக்காலம் அதையே எழுதினார். புதிய சித்திரம் ஏன் தேடவில்லை என்று கேட்கத் தோன்றும். எழுத எழுத அது கரும்பாகவே இல்லாமற் போயிற்று. கை அறிந்த ஓர் அசைவாக ஆயிற்று. ஒன்றையே திருப்பித் திருப்பிச் செய்தால் சலிப்புத்தான் வரும் என்று நினைப்பவர்கள், சங்கீதம் பயில்வோரைக் கேட்டுப் பார்க்கலாம்.

1925-இல் தோக்கியோவில் அவருடைய கலங்கள் முதன்முதலாகத் தனியே காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த ஆண்டு முடியும் தறுவாயில், அவரும் கவாயும் யநாகி என்ற அறிஞரும் சேர்ந்து, பெயர் தெரியாத நாட்டுப்புறக் கைவினைஞர்கள் அன்றாடப் பயனுக்காகச் செய்த பொருள்களைக் குறிக்க 'மிங்கேய்' என்ற சொல்லைப் படைத்தார்கள். மக்கள் கைவினை என்பது அதன் பொருள். அதிலிருந்து ஓர் இயக்கமே கிளைத்தது. அதன் வரலாற்றை வேறொருவர் வேறொரு நாள் பேசட்டும். ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாதவர் கலையைப் போற்றிய அவ்வியக்கம் சிலருக்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. ஏழை வீட்டு அடுக்களைக்கு உரிய கலத்தை இலக்கணமாகக் கொண்ட ஹமாதாவின் கலங்கள், செல்வர் வீட்டுப் பேழைகளில் இடம்பெறும் விலைக்கு ஏறின. 1955-இல் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று பொதுவாக வழங்கப்படும் உயர் சிறப்புக்கு உரியவராக்கிற்று. கவாய் அத்தகைய சிறப்புகளை ஏற்க மறுத்துவிட்டார், ஹமாதா ஏற்றுக்கொண்டார். இருவருள் யார் செய்தது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இந்த முரண்பாட்டை ஹமாதா அறியாதவர் அல்லர். இங்கிலாந்தில் இருந்தவரையில் தம் கலங்களின் அடியில் முத்திரை இட்டவர், மஷிகோவுக்கு வந்தபின் அதை நிறுத்திவிட்டார். முத்திரை இல்லையேல் பிற்காலத்தார் உங்கள் கலத்தை எப்படி அடையாளம் காண்பர் என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அதனால் என்ன, நான் செய்தவற்றுள் மட்டமானவை என் மாணவர் தலையில் விழும், அவர்கள் செய்தவற்றுள் சிறந்தவை என் பெயருக்கு வந்து சேரும் என்று அவர் நகைத்ததாகச் சொல்வார்கள். அவர் வேலை செய்த முறையும் கடைசிவரை மாறவில்லை. சம்மணமிட்டு அமர்ந்து, சிறு கழியால் திகிரியைக் கையாலேயே சுழற்றிவிட்டு, அந்தச் சுழற்சி ஓய்வதற்குள் வனைவார். திகிரி சற்றே தள்ளாடும்; கலமும் சற்றே தள்ளாடும். எட்டு அறைகள் கொண்ட பெரிய ஏறுசூளையில் ஆயிரக்கணக்கான கலங்களை ஒரே முறையில் சுடுவார். சிறிய சூளையைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்கலாம். அவ்வளவு பெரிய சூளையில் தனி ஒருவன் விருப்பம் செல்லாது, நெருப்பின் விருப்பமே செல்லும். அதை வேண்டியே அவர் பெரிய சூளையைக் கட்டினார்.

தாம் பயின்ற பாதையைப் பற்றிப் பின்னாளில் அவர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. வழியைக் கண்டது கியோத்தோவில், தொடங்கியது இங்கிலாந்தில், கற்றது ஒக்கினாவாவில், வளர்ந்தது மஷிகோவில் என்பது அதன் கருத்து. கல்வி நிலையத்தில் இருந்த இடத்தைக் கற்ற இடம் என்று அவர் சொல்லவில்லை. அதை விட்டு வந்த இடத்தையும் பழிக்கவில்லை.

இன்று மஷிகோவில் நூற்றுக்கணக்கான குயவர்கள் தொழில் செய்கிறார்கள்; பல நாட்டு இளைஞரும் அவர்களுள் உண்டு. ஹமாதா வாழ்ந்த இடத்தில் பழைய உழவர் வீடுகள் சில நிற்கின்றன. அழியும் நிலையில் இருந்தவற்றை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து அவர் மறுபடி எழுப்பியவை அவை. 1977-இல், மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, அவற்றைக் காட்சியகமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே செல்பவர் ஹமாதாவின் தலைசிறந்த கலங்களே நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடும். அவையும் சில உண்டு. ஆனால் அலமாரிகளில் மிகுதியாக இருப்பவை கொரியக் கிண்ணங்கள், ஆங்கிலச் சிற்றூர்த் தட்டுகள், ஒக்கினாவாச் சாடிகள், பல நாட்டு மரச்சாமான்கள், துணிகள். ஒரு பொருளைக் கண்டதும், இதனிடம் நான் தோற்றுவிட்டேன் என்று மனம் சொன்னால் அதை வாங்கிவிடுவது அவர் வழக்கம். ஐம்பது ஆண்டுகளாகத் தம்மைத் தோற்கடித்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, இளங்குயவர்கள் வந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு, 1978 சனவரியில் அவர் கண்மூடினார்.